இரண்டாவது பிரேக்

மறுப்புப் படிவத்தில் காரணம் எழுத ஐந்து வரிதான் விட்டிருக்கிறீர்கள். என் கையெழுத்து கொஞ்சம் பெரியது. ஐந்து வரியில் என் விலாசமே அடங்காது. ஆனால் அடியில் பொடி எழுத்தில் ‘தேவைப்பட்டால் கூடுதல் தாள் இணைக்கலாம்’ என்று போட்டிருந்தது. பெரும்பாலானவர்கள் பொடி எழுத்தைப் படிப்பதில்லை. நான் படிப்பவன். இணைத்திருக்கிறேன்.

அபராதத் தொகை பற்றி எனக்குப் புகார் இல்லை. அன்றைக்கே கட்டிவிட்டேன். என் மறுப்பு, ‘காரணம்’ என்ற கட்டத்துக்குள் உங்கள் போக்குவரத்துக் காவலர் எழுதியிருக்கும் ஒரு வரியைப் பற்றியது.

‘பயிற்றுநரின் கவனக்குறைவால் பயிற்சி வாகனம் சந்தின் குறுக்கே நின்று, சுமார் ஒன்பது நிமிடம் போக்குவரத்துக்கு இடையூறு.’

இந்த வரியில் இரண்டு தவறுகள். ‘சுமார் ஒன்பது’ என்பது சரியல்ல. பதினொன்று. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதைக்கூடப் பெரிதுபடுத்த மாட்டேன். வெயிலில் நின்று எழுதுகிறவருக்கு ஒன்றிரண்டு நிமிடம் முன்பின் ஆகலாம். இன்னொன்றைத்தான் என்னால் விட முடியவில்லை. கவனக்குறைவு.

அபராதச் சீட்டின் பின்பக்கம் ஏழாவது விதி இப்படிச் சொல்கிறது: ‘குறிப்பிடப்பட்ட காரணம் தவறானது என நிறுவப்பட்டால் அபராதம் ரத்து செய்யப்படும், பதிவேட்டிலிருந்தும் நீக்கப்படும்.’ எனக்கு வேண்டியது அந்தப் பிற்பாதி. பதிவேட்டிலிருந்து நீக்கம்.

நான் டிரைவிங் ஸ்கூலில் பயிற்றுநர். இருபத்திரண்டு வருடம் ஒரே பள்ளி, ஒரே இருக்கை. ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கை. எங்கள் பள்ளியின் முன் அறையில், பணம் கட்ட வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சுக்கு எதிரே, ஒரு மரப் பலகை மாட்டியிருக்கிறது. ஒவ்வொரு பயிற்றுநரின் படமும், படத்துக்குக் கீழே ஓர் எண்ணும். ‘அபராதமில்லா ஆண்டுகள்’ என்று தலைப்பு. முதலாளியம்மாவின் யோசனை. சேர வருகிறவர்கள் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் யாரிடம் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்வார்கள். என் படத்துக்குக் கீழே 22. சின்ன மாஸ்டர் படத்துக்குக் கீழே 14.

சின்ன மாஸ்டர் என்றால் வயதில் சின்னவன் என்றில்லை, பள்ளிக்கு எனக்குப் பின்னால் வந்தவன். அதனால் நான் பெரிய மாஸ்டர். நாங்கள் இரண்டே பேர்தான். எண்களைப் பார்த்தால் எல்லோரும் என்னிடம்தான் வர வேண்டும். கொஞ்ச நாள் வந்தார்கள். அப்புறம் பலகையைப் பார்ப்பார்கள், தலையாட்டுவார்கள், “அந்த சிரிச்ச மூஞ்சி மாஸ்டர் இல்லையா?” என்று கேட்பார்கள்.

இதையெல்லாம் நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. தொழில் என்றால் அப்படித்தான்.

அவன் பயிற்றுவிக்கும் முறை எனக்கு ஒப்பாது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். மாணவர் வண்டியை அணைத்துவிட்டால் நான் தவறுகளை வரிசையாகச் சொல்வேன். கிளட்சை வேகமாக விட்டீர்கள், ஆக்சிலேட்டர் பற்றவில்லை, கண்ணாடி பார்க்கவில்லை. அவன் என்ன சொல்வான் தெரியுமா? “வண்டிக்குத் தூக்கம் வந்துடுச்சு, எழுப்புங்க.” அவ்வளவுதான். மாணவர் சிரிப்பார். இது என்ன பாடம்? ஆனால் அவனிடம் கற்றவர்கள் முதல் தேர்விலேயே லைசென்ஸ் வாங்கிக்கொண்டு போனார்கள். அதற்கு அதிர்ஷ்டமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். என் மனைவியை அண்ணி. மரியாதையில் குறை சொல்ல முடியாது.

மனைவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் காரணம் உங்களுக்கு முழுதாக விளங்காது.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுப்பவன் பெண்டாட்டிக்கு ஓட்டத் தெரியாது என்றால் நன்றாகவா இருக்கும்? நானே ஆரம்பித்தேன். ஞாயிறு தோறும் காலை ஆறரை முதல் எட்டு வரை. அவள் தவறுகளை ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்துவைத்தேன், திருத்துவதற்குத்தான். ஒரு ஞாயிறு முப்பத்தொரு தவறு வந்தது. முப்பத்தொன்றையும் அவளுக்குப் படித்துக்காட்டினேன். சிக்னலில் வண்டி நின்றிருந்தது. அவள் ஹேண்ட் பிரேக்கைப் போட்டாள், கதவைத் திறந்தாள், இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். கண்ணாடி பார்க்காமல் கதவைத் திறந்தது முப்பத்திரண்டாவது.

மூன்று முறை தேர்வுக்குப் போனாள். மூன்று முறையும் தோற்றாள். நாலாவது முறை போவதற்கு முன்னால் சொன்னாள், “நான் சின்ன மாஸ்டர்கிட்ட கத்துக்கிறேன்.”

“ஏன், நான் சொல்லிக் கொடுக்கிறது பத்தலையா?”

“அதிகமா இருக்கு. உங்ககூட ஓட்டினா தப்பு வந்துடுமோன்னு பயந்தே தப்பு வருது.”

நான் அனுமதித்தேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். குறுக்கே நிற்கிற ஆள் இல்லை நான்.

மூன்றாவது வாரம் ஒருநாள் பெரிய சாலை சிக்னலில் என் வண்டியும் அவர்கள் வண்டியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. இரண்டு வண்டியிலும் கண்ணாடி ஏற்றியிருந்தது. சத்தம் கேட்கவில்லை. என் மனைவி ஸ்டீயரிங்கில் நெற்றியை முட்டுக்கொடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து வைப்பரைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். மழையே இல்லை, வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு பச்சையானதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அழகாக வண்டியை எடுத்தாள். ஒரு குலுக்கல் இல்லை. என் மாணவர் வண்டியை அணைத்துவிட்டார்.

சாப்பிடும்போது கேட்டேன். “என்ன அவ்வளவு சிரிப்பு?”

“இண்டிகேட்டர்னு நினைச்சு வைப்பரைப் போட்டுட்டேன்.”

“இதுல சிரிக்க என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்ல,” என்றாள். தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

அதே தவறை என்னுடன் ஓட்டியபோதும் அவள் செய்திருக்கிறாள். நோட்டில் தேதியோடு இருக்கிறது. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

நாலாவது தேர்வில் தேறினாள். லைசென்ஸைக் கொண்டுவந்து முதலில் அவனிடம் காட்டினாள். நான் முன் அறையில் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னைத் தாண்டித்தான் போனாள்.

நீங்கள் அதிகாரி. பல மாதிரி கதைகள் கேட்டிருப்பீர்கள். உடனே வேறு மாதிரி யோசிப்பீர்கள். அப்படியெல்லாம் எதுவும் இல்லை. அப்படி இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். திட்டியிருக்கலாம், விலக்கியிருக்கலாம், நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்டிருக்கலாம். சிரித்தார்கள் என்று யாரிடம் போய் நியாயம் கேட்பது?

இப்போது சம்பவ நாளுக்கு வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை. பதினொன்றே கால் மணிக்குக் கணக்கு டீச்சருக்கு வகுப்பு. ஐம்பத்திரண்டு வயது, உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறவர், பதினான்காவது வகுப்பு. மிகவும் ஒழுங்கானவர். நான் சொல்கிற தவறுகளைத் தானும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். என் மாணவர்களில் அவரை எனக்குப் பிடிக்கும்.

பெரிய சாலையில் ஓடிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. ஓரம் கட்டச் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன். பள்ளி ரிசப்ஷன் பெண்.

“அண்ணே, சின்ன மாஸ்டர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுக் கீழ உட்கார்ந்துட்டாரு. வேர்த்துக் கொட்டுது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு, பத்து நிமிஷத்துல வந்துடுமாம்.”

“பயப்படாதம்மா. நான் பக்கத்துலதான் இருக்கேன். வரேன்.”

அந்த நிமிடம்வரை என் மனதில் ஒன்றும் இல்லை. இதை நான் எந்த மேடையில் ஏறியும் சொல்வேன். போய் உதவ வேண்டும் என்றுதான் நினைத்தேன். மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் உயிர் என்று வருடா வருடம் எங்களுக்கு முதலுதவி வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறார்கள். கடைசியாக நடந்த பரீட்சையில் அந்தக் கேள்விக்கு எனக்கு முழு மதிப்பெண்.

அந்தப் பெண் போனை வைக்கவில்லை. என்னைத் தேற்றுவதற்காகவோ என்னவோ, ஒன்று சொன்னாள்.

“கவலைப்படாதீங்கண்ணே, அண்ணி இருக்காங்க. அவர் தலையை மடியில வெச்சுக்கிட்டு விசிறிக்கிட்டிருக்காங்க.”

என் மனைவி அன்று காலை தையல்காரரிடம் போவதாகச் சொல்லியிருந்தாள்.

நான் டீச்சரைப் பார்த்து, “பள்ளிக்குப் போகணும், எடுங்க டீச்சர்” என்றேன். அவர் நன்றாகவே எடுத்தார்.

எங்கள் பள்ளி ஒரு முட்டுச்சந்தின் கோடியில் இருக்கிறது. உங்கள் காவலர் சீட்டில் சந்தின் எண்ணைச் சரியாகவே எழுதியிருக்கிறார். நீளம் முந்நூற்றைம்பது மீட்டர். ஒரு பக்கம் அச்சகத்துச் சுவர், இன்னொரு பக்கம் கிடங்குச் சுவர். ஒரு வண்டிதான் போகும். நுழைந்து கொஞ்சம் தள்ளி ஓர் இடம் மட்டும் அகலம். மூன்று திருப்பில் வண்டியை மறுபக்கம் திருப்புவதை எங்கள் மாணவர்கள் அங்கேதான் பழகுவார்கள். வண்டி பாதித் திருப்பத்தில் குறுக்கே நிற்கும்போது முன்னால் ஒரு சாண், பின்னால் ஒரு சாண் இடைவெளி இருக்கும். அதற்குமேல் இருக்காது.

அந்த இடத்துக்கு வந்ததும் சொன்னேன், “டீச்சர், இங்க திருப்புங்க.”

“இப்பவா மாஸ்டர்? உள்ள போக வேண்டாமா?”

“ஆம்புலன்ஸ் வருது. நாம உள்ள போயிட்டா அதுக்கு இடைஞ்சல். திருப்பி வெளிய போயிடலாம்.”

நியாயமான பேச்சுதானே? டீச்சரும் அப்படித்தான் நினைத்தார். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தார், முன்னால் போனார், நின்றார், ரிவர்ஸ் போட்டார். வண்டி கச்சிதமாகச் சந்துக்குக் குறுக்கே வந்தது. பதினான்கு வகுப்பில் அவர் செய்த மிக நல்ல திருப்பம் அது. யானை வரும் பின்னே மணியோசை வரும் முன்னே என்பார்களே, பெரிய சாலையில் சைரன் கேட்டது.

பயிற்சி வண்டியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் கால்மாட்டிலும் ஒரு பிரேக் உண்டு. மாணவர் தடுமாறினால் நிறுத்துவதற்காக. அதை அழுத்தியிருக்கும்போது ஓட்டுபவர் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டால் வண்டி நகராது. ஒரு குலுக்கு குலுக்கி அணைந்துவிடும். ஓட்டுபவருக்கு அது தன் தவறு என்றுதான் தோன்றும். கற்றுக்கொள்கிறவர்களுக்கு எப்போதுமே அப்படித்தான் தோன்றும்.

வலது காலை அதன்மேல் வைத்தேன்.

மணி பதினொன்று நாற்பத்திரண்டு.

டீச்சர் கிளட்சை விட்டார். வண்டி அணைந்தது. மறுபடி சாவியைத் திருப்பினார். மறுபடி அணைந்தது.

“பதறாதீங்க டீச்சர். நிதானமா.”

ஆம்புலன்ஸ் சந்துக்குள் நுழைந்து எங்கள் வண்டிக்குப் பத்தடியில் வந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார். “யம்மா, எடும்மா. ஆஸ்பத்திரி கேஸு.”

டீச்சர் விடாமல் சாவியைத் திருப்பினார். நாலாவது, ஐந்தாவது. அச்சகத்திலிருந்து இரண்டு மூன்று பேர் வெளியே வந்தார்கள். ஒருவர் ஜன்னலைத் தட்டினார்.

“மாஸ்டர், அவங்க இறங்கட்டும், நீங்க எடுங்க.”

“எதுக்கு இறங்கணும்? இவங்களே எடுத்துடுவாங்க. கத்துக்கிறவங்க நடுவுல இறங்கக் கூடாது. விதி.”

“விதியா? ஆளு போயிடுவான் சார்.”

“நீங்க கத்தினா அவங்க இன்னும் பதறுவாங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

அவர் தள்ளி நின்றார். இன்னொருவர், நியூட்ரலில் போடுங்கள், தள்ளிவிடுகிறோம் என்றார். நானே நியூட்ரலில் போட்டேன். நாலு பேர் பக்கவாட்டில் நின்று ஜன்னல் சட்டத்தைப் பிடித்துத் தம் கட்டித் தள்ளினார்கள். வண்டி அசையவில்லை. “சக்கரம் எதுவோ பிடிச்சுக்கிச்சு,” என்று அவர்களில் ஒருவர் விவரம் தெரிந்தவர்போலச் சொன்னார். மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்கள். என் காலை யாரும் பார்க்கவில்லை. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் எல்லோரும் ஓட்டுகிறவரைத்தான் பார்ப்பார்கள்.

ஏழாவது நிமிடம் ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு என் வண்டியின் பானெட் மேல் ஏறி அந்தப் பக்கம் குதித்து ஓடினார்கள். பானெட்டில் ஒரு நசுங்கல் விழுந்தது. அதைப் பற்றி நான் எங்கும் புகார் கொடுக்கவில்லை. உயிர்காக்கும் மெஷினும் ஸ்ட்ரெச்சரும் வண்டியிலேயே இருந்தன. அவற்றைப் பானெட் மேல் ஏற்ற முடியவில்லை. ஆளைத் தூக்கிக்கொண்டு வரலாம் என்றால் முந்நூறு மீட்டருக்குமேல் இருக்கிறது.

டீச்சர் அழ ஆரம்பித்திருந்தார். ஆனால் முயற்சியை விடவில்லை. மொத்தம் பதினேழு முறை. ஒவ்வொரு முறையும் கிளட்சைச் சரியான இடத்தில்தான் விட்டார். இடது காலைப் பொறுத்தவரை குறை சொல்லவே முடியாத மாணவி.

என் காலுக்கு வலி எடுத்தது. இருபத்திரண்டு வருடத்தில் அந்தப் பிரேக்கை ஒரே மூச்சாக அவ்வளவு நேரம் அழுத்தியதில்லை. ஆனால் கவனம் சிதறவில்லை. இதைத்தான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு கணம் அசந்திருந்தால், ஒரு தும்மல் வந்திருந்தால், வண்டி நகர்ந்திருக்கும்.

பதினோராவது நிமிடம் என் மனைவி ஓடி வந்தாள்.

சந்தின் கோடியிலிருந்து ஒரே ஓட்டம். செருப்பில்லை. மூச்சு வாங்கியது. நேராக என் ஜன்னலுக்கு வந்தாள். டீச்சர் பக்கம் போகவில்லை, ஆம்புலன்ஸ் பக்கம் போகவில்லை. என்னிடம் வந்தாள். இரண்டு உள்ளங்கையாலும் கண்ணாடியில் அடித்தாள்.

“எடுங்க. தயவு செஞ்சு எடுங்க. நீங்க எடுத்தா வந்துடும்.”

பத்தொன்பது வருடத்தில் அவள் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை. எடுத்துவிட்டேன். காலை எடுத்தேன். டீச்சர் பதினெட்டாவது முறையாகக் கிளட்சை விட்டார், வண்டி வெண்ணெய்போல நகர்ந்தது, திரும்பி ஓரமாக ஒதுங்கியது.

மணி பதினொன்று ஐம்பத்து மூன்று. கழித்துப் பாருங்கள். பதினொன்று.

அதற்குள் உங்கள் காவலர் வந்துவிட்டார். ஆம்புலன்ஸ் உள்ளே போனது. அவர் எழுதத் தொடங்கினார். பயிற்சி வண்டி என்றால் பொறுப்பு பயிற்றுநருக்கு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த மட்டில் சரி. என்ன காரணம் என்று டீச்சரைக் கேட்டார். டீச்சர், “என் தப்பு சார், எனக்கு வரல சார்” என்றார். அவர் என்னைப் பார்த்து, “புதுசா கத்துக்கிறவங்களை இந்தச் சந்துலயா ஓட்ட விடுவீங்க? கவனம் வேணாம்?” என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் கட்டத்தை நிரப்பிவிட்டார்.

சின்ன மாஸ்டரை வெளியே கொண்டுவந்தார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது. ஐந்து நிமிடம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வதுதான்.

துக்கத்துக்கு முதல் ஆளாகப் போனேன். எல்லா வேலையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தேன். அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்களைத்தான் சொந்த அண்ணன்னு சொல்வாரு” என்று அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. பதினான்கு வருடம் ஒன்றாக வேலை பார்த்திருக்கிறோம்.

ஐந்தாம் நாள் முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டார். என் மனைவி அன்று எதற்குப் பள்ளிக்கு வந்தாள் என்று அவர்தான் சொன்னார். பெண்களுக்குத் தனி வகுப்பு ஆரம்பிக்கப் போகிறார்களாம். அதில் பயிற்றுநராகச் சேர அவள் விண்ணப்பம் கொண்டுவந்திருக்கிறாள். சின்ன மாஸ்டர் அதை வாங்கவில்லையாம்.

“‘அண்ணன்கிட்ட முதல்ல சொல்லுங்க அண்ணி, அவர் கையெழுத்துப் போட்டாத்தான் நல்லா இருக்கும்’னு சொல்லிக்கிட்டிருந்தப்பதான் அவருக்கு வலி வந்துச்சு மாஸ்டர். எப்பேர்ப்பட்ட மனுஷன் பாருங்க.”

பார்த்தேன். என் வீட்டு விஷயம் எனக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இதுவும் அவனிடம்தான் முதலில் போயிருக்கிறது. அதனால் நடந்ததைப் பற்றி என் கருத்தை மாற்றிக்கொள்ள அவசியம் எதுவும் ஏற்படவில்லை.

முதலாளியம்மா இன்னொன்றும் செய்தார். நாற்காலி போட்டு ஏறி, பலகையில் என் படத்துக்குக் கீழிருந்த 22-ஐக் கழற்றினார். அந்த இடத்தில் 0 மாட்டினார். “வருத்தப்படாதீங்க மாஸ்டர். எல்லாருக்கும் ஒரே சட்டம்.” சின்ன மாஸ்டர் படத்துக்கு மாலை போட்டிருந்தது. கீழே 14 அப்படியே இருந்தது.

அதைத்தான் நான் யோசித்துப் பார்க்கவில்லை. உயிரோடு இருந்திருந்தால் அவனை என்றைக்காவது யாராவது மடக்கியிருப்பார்கள். சிரித்துக்கொண்டே ஓட்டுகிறவன், எத்தனை நாளைக்கு? இனி அவனுக்கு யாரும் சீட்டு எழுத முடியாது. அந்த 14 இறங்கவே இறங்காது. நான் நாளையிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு அவனைப் பிடிப்பதற்குள் எனக்கு ஓய்வு வயது வந்துவிடும். பெஞ்சில் உட்காருகிறவர்கள் அந்த இரண்டு எண்களையும் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள்.

மறுப்புப் போடுகிறேன் என்றதும் முதலாளியம்மா தடுத்தார். “விடுங்க மாஸ்டர். கட்டினது கட்டியாச்சு. கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பிடப் போகுது.” அவருக்கு என்ன, அவர் படம் பலகையில் இல்லை.

கணக்கு டீச்சரும் வந்தார். பழகுநர் உரிமத்தை நாலாகக் கிழித்து ஒரு கவரில் போட்டு என்னிடம் கொடுத்தார். முகம் பாதியாகியிருந்தது.

“எத்தனையோ பிள்ளைங்களுக்கு மார்க் போட்டிருக்கேன் மாஸ்டர். எனக்கு நானே போட்டா முட்டைதான். ஒரு மனுஷனைக் கொன்னுட்டேன்.”

“அப்படிச் சொல்லாதீங்க டீச்சர். உங்க மேல தப்பு இல்ல.”

“உங்க நல்ல மனசு. அன்னைக்கு ஒரு வார்த்தை அதட்டல நீங்க.” போக எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். “ஒண்ணு மட்டும் புரியல. நான் காலை எடுத்த பிறகும் பிரேக் உள்ளயே அமுங்கியிருந்த மாதிரி ஒரு நினைப்பு. ராத்திரியெல்லாம் அதே யோசனை. தப்பு பண்ணினவளுக்கு இப்படித்தான் சாக்கு தோணும் போல.”

நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். அவர் பள்ளிக்கூடத்துக்கும் இப்போது போவதில்லை என்று கேள்வி. இந்தக் கடிதத்தில் அவருக்கும் நன்மை இருக்கிறது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் மேல் விழுந்த பழியைத் துடைக்க நான் முன்வருகிறேன் என்றால் அது என் ஒருவன் நலத்துக்காக மட்டும் இல்லை.

ஆக, என் வாக்குமூலம் இதுதான். சம்பவ நாளன்று பதினொன்று நாற்பத்திரண்டு முதல் பதினொன்று ஐம்பத்து மூன்று வரை பயிற்சி வாகனம் தானாக நிற்கவில்லை, ஓட்டியவராலும் நிற்கவில்லை. என்னுடைய பிரேக்கை நான் அழுத்திப் பிடித்திருந்ததால் நின்றது. ஆம்புலன்ஸ் எதற்காக வருகிறது, யாருக்காக வருகிறது, தாமதமானால் என்ன ஆகும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தே பிடித்திருந்தேன். அவன் சாக வேண்டும் என்றுதான் பிடித்திருந்தேன். இதில் கவனக்குறைவு எங்கே இருக்கிறது? குறிப்பிட்ட காரணம் தவறு. ஏழாவது விதிப்படி சீட்டை ரத்து செய்து, பதிவேட்டிலிருந்து நீக்கி, எழுத்து மூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். வேறு சட்டங்களின் கீழ் வேறு கேள்விகள் வரலாம். அவற்றுக்கு அந்தந்தப் படிவத்தில் பதில் சொல்கிறேன்.

முடிவை வீட்டு விலாசத்துக்கு அனுப்ப வேண்டாம். பள்ளி விலாசத்துக்கு அனுப்புங்கள். பெண்கள் வகுப்புக்கு என் மனைவியை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். சின்ன மாஸ்டர் மேசையில்தான் உட்காருகிறாள், காலையில் தபால்களைப் பிரிப்பது அவள்தான். வீட்டில் அதிகம் பேசுவதில்லை. படுக்கையைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டுவிட்டாள். சீட்டு வந்த அன்று மட்டும், அது சாப்பாட்டு மேசைமேல் கிடந்தபோது, எடுத்து அந்த ஒரு வரியை இரண்டு முறை படித்தாள். அப்புறம் என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். “கவனக்குறைவா? உங்களுக்கா? இத்தனை வருஷத்துல நான் ஒரு நாளும் பார்த்ததில்லையே,” என்றாள்.

என் தொழிலைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த ஒரே பாராட்டு அது. அவள் நம்பிக்கை வீண்போகவில்லை என்று உங்கள் முத்திரையோடு அவளே முதலில் படிக்கட்டும்.